வங்கிகள் சேரும்போது கிளையில் நடப்பது

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்து நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர் மாவட்டத்துக்காரர்களில் நடுவயதைக் கடந்தவர்களுக்கு வள்ளலார் கிராம வங்கி நினைவிருக்கும். கடலூரைத் தலைமையிடமாக வைத்து, இந்தியன் வங்கியின் ஆதரவில் நடந்த வங்கி அது. மருதூரில் பிறந்து வடலூரில் அணையா அடுப்பை ஏற்றி வைத்தவரின் பெயர் நம் மாவட்டத்து பாஸ்புக்குகளில் அச்சாகியிருந்த காலம். 2006ல் அந்த வங்கி தருமபுரியின் அதியமான் கிராம வங்கியோடு சேர்ந்து பல்லவன் கிராம வங்கி ஆனது. தலைமையகம் சேலத்துக்குப் போனது. 2019 ஏப்ரல் 1 அன்று பல்லவனும் தென்மாவட்டங்களின் பாண்டியன் கிராம வங்கியும் சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. தன் ஊரைவிட்டு எங்கேயும் போகாத ஒரு விவசாயி 13 ஆண்டுக்குள் மூன்று வங்கிகளுக்கு வாடிக்கையாளராகிவிட்டார். ஒருமுறைகூட அவரை யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். வங்கிகளைச் சேர்ப்பதும் பிரிப்பதும் டெல்லியிலும் மும்பையிலும் முடிவாகிற விஷயம் என்று நாம் ஒதுங்கியிருக்கிறோம். அதன் விளைவு முழுவதும் வந்து விழுவது நம் ஊர்க் கிளையின் கவுன்டரில். பல ஆண்டுகள் அந்தக் கவுன்டருக்கு உள்பக்கம் இருந்து, கிளை மேலாளராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். இணைப்பு என்றாலே பணம் போய்விடும் என்று நினைக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் பல இணைப்புகள் டெபாசிட் போட்டவர்களின் பணத்தைக் காப்பாற்றவே நடந்தவை. 1906ல் சென்னையில் ஆர்பத்நாட் நிறுவனம் திவாலானபோது பணம் போட்டிருந்த குடும்பங்களுக்கு அப்படிக் கைகொடுக்க எந்த ஏற்பாடும் இல்லை. அந்த அடியில் பிறந்ததுதான் அடுத்த ஆண்டு தொடங்கிய இந்தியன் வங்கி. 1938ல் திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி விழுந்தது, 1960ல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது. பாலாய்க்குப் பிறகுதான் தள்ளாடுகிற வங்கியை நல்ல வங்கியோடு கட்டாயமாகச் சேர்த்துவைக்கும் அதிகாரத்தைச் சட்டம் தந்தது. 1951ல் நாட்டில் 566 வங்கிகள் இருந்தன. 1969ல் நூறுக்கும் கீழே வந்துவிட்டன. 1990ல் தஞ்சாவூர் வங்கி இந்தியன் வங்கிக்குள் போனதும், தமிழ்நாடு வங்கி இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்குள் போனதும் இந்த வரிசையில் வருபவை.

நம் கண்முன் நடந்தது லட்சுமி விலாஸ் வங்கி. 1926ல் கரூர் வணிகர்கள் தொடங்கியது. 2020 நவம்பர் 17 அன்று, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவோடு சேர்த்துவிட்டார்கள். டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. நம்ம ஊர் வங்கி என்று நம்பி ஓய்வூதியப் பணத்தில் பங்கு வாங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள். வங்கியில் பணம் போடுவது வேறு, வங்கியின் பங்கை வாங்குவது வேறு. எந்த வங்கியாக இருந்தாலும் இதை நேயர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பொதுத்துறை வங்கிகளின் இணைப்புக்குக் காரணம் வேறு. 2018 மார்ச்சில் அவை கொடுத்திருந்த நூறு ரூபாய்க் கடனில் 14 ரூபாய்க்கு மேல் வாராக்கடன். இந்த வாராக்கடனில் பெரும்பகுதி மின்சாரம், எஃகு, சாலை என்று பெரிய திட்டங்களுக்குப் போனது. நகைக்கடன் வாங்கிய பெண்களும் பயிர்க்கடன் வாங்கிய விவசாயிகளும் உண்டாக்கிய பள்ளம் அல்ல அது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சிரமத்தைப் பங்கிட்டபோது இவர்கள் பங்குக்கும் வந்தது. அரசு மூலதனம் போட்டது, கூடவே எண்ணிக்கையைக் குறைத்தது. 2017ல் ஸ்டேட் வங்கிக்குள் அதன் ஐந்து துணை வங்கிகளும் பாரதிய மகளிர் வங்கியும் போயின. 2019ல் பரோடா வங்கிக்குள் விஜயாவும் தேனாவும். 2020 ஏப்ரல் 1 அன்று, ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம் ஆனபோது, நான்கு இணைப்புகள் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. 1865ல் பிறந்த அலகாபாத் வங்கி இந்தியன் வங்கிக்குள் வந்தது, சிண்டிகேட் கனராவுக்குள், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியனுக்குள், ஓரியன்டலும் யுனைடெட்டும் பஞ்சாப் நேஷனலுக்குள். இருபத்தேழாக இருந்த பொதுத்துறை வங்கிகள் பன்னிரண்டாயின. யாரை யாரோடு சேர்ப்பது என்பதில் கம்ப்யூட்டரும் ஒரு வாக்குப் போட்டது. கனராவும் சிண்டிகேட்டும் ஒரே மென்பொருள், இந்தியன் வங்கியும் அலகாபாத்தும் ஒரே மென்பொருள் என்று பார்த்துச் சேர்த்தார்கள். அப்படியும் இந்தியன் வங்கியும் அலகாபாத்தும் கணினியில் ஒன்றாக 2021 பிப்ரவரி ஆனது. இரண்டு குடும்பம் ஒரே வீட்டுக்குக் குடிவந்தால் அடுப்படி ஒன்றாகிற வரைக்கும் சிக்கல்தானே, அப்படி.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு பழைய செய்தியும் சொல்லிவிடுகிறேன். பாரதி பூங்கா அருகில் யூகோ வங்கி இருக்கிற கம்பீரமான கட்டடம் இந்தோசீன வங்கிக்காக எழுந்தது. 1875ல் பாரிஸில் தொடங்கிய அந்த வங்கி இந்த ஊருக்கென்று ரூபாய் நோட்டே அடித்தது. 1975ல் அது சூயஸ் வங்கியோடு சேர்ந்து இந்தோசூயஸ் ஆனது, 1996ல் கிரெடி அக்ரிகோல் குழுமத்துக்குப் போனது. பெரிய வங்கியைவிடப் பெரிய வங்கி எப்போதும் ஒன்று இருக்கிறது. ஆகவே பெரிதாவதே பாதுகாப்பு என்ற வாதம் எனக்கு முழுமையாக ஒப்புதல் இல்லை.

சரி, இணைப்பு நடந்தால் உங்கள் கணக்கில் என்ன மாறும்? கணக்கு எண் சில சமயம் மாறும். பணம் அனுப்பும்போது கிளையை அடையாளம் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. கோடு பெரும்பாலும் மாறும். விஜயா, தேனா வங்கிகளின் பழைய கோடு 2021 மார்ச் 1 முதலும், சிண்டிகேட் வங்கியின் கோடு ஜூலை 1 முதலும் செல்லாமல் போயின. செக்புக் மாறும். வீட்டுக்கடனுக்கோ சீட்டுக்கோ பின்தேதியிட்டு செக் கொடுத்து வைத்திருப்பவர்கள் அதைத் திரும்ப வாங்கிப் புதியது கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டு, செக் திரும்பி, அபராதமும் கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எஃப்.டி. போட்ட வட்டி, முதிர்வு நாள் வரை பழைய ஒப்பந்தப்படியே கிடைக்கும். நாமினி பதிவும் தொடரும். ஆனாலும் புதிய பாஸ்புக்கில் நாமினி பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு நுட்பமான விஷயங்களை வங்கி அனுப்பும் எஸ்.எம்.எஸ். சொல்லாது. டெபாசிட்டுக்கு 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அது ஒருவருக்கு, ஒரு வங்கிக்கு. இரண்டு வங்கியில் ஐந்தைந்து லட்சம் பிரித்துப் போட்டிருந்தீர்கள், அந்த இரண்டும் ஒன்றாகிவிட்டன என்றால், மொத்தத்துக்கும் சேர்த்து 5 லட்சம்தான் காப்பீடு. அடுத்தது, வட்டி ஒரு வரம்பைத் தாண்டினால் வங்கி செய்யும் வரிப்பிடித்தம். இரண்டு வங்கியிலும் தனித்தனியாக வரம்புக்குள் இருந்த வட்டி, ஒன்றாகச் சேர்ந்ததும் வரம்பைத் தாண்டிவிடும். வருமான வரி கட்டத் தேவையில்லாத மூத்த குடிமக்கள் ஆண்டுத் தொடக்கத்தில் தரும் படிவத்தைப் புதிய வங்கியில் கொடுத்தாக வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே, நம் கடலோரத்துக்கு மிக முக்கியமானது வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைப்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளுக்கு அரசு தரும் நிவாரணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. முதியோர் உதவித்தொகை, நூறு நாள் வேலைக் கூலி எல்லாம் அப்படித்தான். ஆதார் வழியாக வரும் பணம், நீங்கள் கடைசியாக எந்த வங்கியில் ஒப்புதல் கொடுத்து இணைத்தீர்களோ அந்த ஒரே கணக்குக்குத்தான் போகும். இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பவர்களுக்கு எது என்று நினைவிருப்பதில்லை. ஒரு வங்கி இணைப்புக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் மீனவர் ஊர் ஒன்றிலிருந்து ஒரு அம்மா என்னிடம் வந்தார். இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை என்று கிளைக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்திருக்கிறார். ஒரு நாள் மீன் விற்காமல் வந்தால் அன்றைக்கு வருமானம் இல்லை. பணம் வராமல் இல்லை. மகன் படித்தபோது உதவித்தொகைக்காகத் தொடங்கி மறந்துபோன கூட்டுக் கணக்கில் போய்க் கிடந்தது. கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்தான் ஆனது. அந்த ஐந்து நிமிடத்தை அவருக்காகச் செலவிட ஓர் ஊழியர் இல்லாமல் போனதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

அந்த ஊழியர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. இரண்டு கிளை ஒன்றானால் இரண்டு கிளைக் கூட்டமும் ஒரே கவுன்டருக்கு வருகிறது. ஆள் எண்ணிக்கை மட்டும் இரண்டு மடங்கு ஆவதில்லை. வேறு மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர், தமிழ் தெரியாமல், புதிய விதிகளும் பிடிபடாமல், வரிசையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் அது கொடுமைதான்.

இணைப்பில் உண்மையாக இழப்பது எது என்று என்னைக் கேட்டால், ஊரைப் பற்றிய அறிவு என்பேன். பண்ருட்டியில் முந்திரிக் கொட்டை வாங்குபவருக்கு சீசனில் மொத்தமாகப் பணம் வேண்டும். உடைத்து, பருப்பாக்கி, விற்றுப் பணம் திரும்ப மாதக்கணக்காகும். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு போடுபவரின் வரவு வெட்டுக்குப் பிறகுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையில் ஏறி, முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தபோது, கடன்காரர்களில் யார் நாணயஸ்தர், யாருக்கு எவ்வளவு அவகாசம் கொடுத்தால் எழுந்துவிடுவார் என்பது தாள்களில் இல்லை. அந்த ஊரில் சில ஆண்டு இருந்த மேலாளர் மனதில் இருந்தது. வைத்த முந்திரிக் கன்று காய்க்கச் சில ஆண்டு வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் தவணை அட்டவணை போட்டால் அந்தக் கடன் வாராக்கடன்தான் ஆகும். இன்று சிறு வணிகக் கடன் விண்ணப்பங்கள் பல, கிளையிலிருந்து தொலைவில் உள்ள செயலாக்க மையங்களில் முடிவாகின்றன. விரைவு இருக்கிறது, முறைகேடு குறைகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடன் கேட்பவரின் தோப்பைப் பார்த்த கண் அங்கே இல்லை.

கிராம வங்கிகள் பிறந்ததே இதற்காகத்தான். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய திட்டம். மத்திய அரசுக்கு 50 சதவீதம், மாநில அரசுக்கு 15, ஆதரவு தரும் வங்கிக்கு 35 என்று பங்கு. ஒரு காலத்தில் நாடு முழுக்க 196 கிராம வங்கிகள். குறைந்து குறைந்து 43 ஆகி, 2025 மே 1 முதல் ஒரு மாநிலத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 28 ஆகிவிட்டன. புதுவை பாரதியார் கிராம வங்கி என்ற பெயரில் 2008ல் தொடங்கிய நம் புதுச்சேரியின் கிராம வங்கி அந்த 28ல் ஒன்றாகத் தனித்து நிற்கிறது. அது நிற்க வேண்டும். வங்கியின் கடைசி முடிவு எடுக்கிறவர் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருப்பது கிராமத்து மனிதருக்குப் பெரிய பலம்.

பொதுத்துறை வங்கிகளை இன்னும் சேர்க்கலாம் என்ற பேச்சு மறுபடியும் எழுந்திருக்கிறது. வேண்டாம் என்று நாம் சொல்லி நிற்கப்போவதில்லை. கிளை விஷயத்தில் மட்டும் நமக்கு வாய் இருக்கிறது. கிராமக் கிளை ஒன்றையோ, சிறு நகரத்தின் ஒரே கிளையையோ மூடவும், வேறு கிளையோடு சேர்க்கவும், இடம் மாற்றவும் மாவட்ட அளவிலான வங்கியாளர் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. அந்தக் குழுவுக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். உங்கள் ஊர்க் கிளை மூடப்படுகிறது என்று காதில் விழுந்தால், போர்டு இறங்கும் வரை காத்திருக்காதீர்கள். ஊராட்சித் தலைவர், மகளிர் சுய உதவிக் குழு, மீனவர் பஞ்சாயத்து, கரும்பு விவசாயிகள் என்று எல்லோரும் கையெழுத்திட்டு, எத்தனை பேர் கணக்கு வைத்திருக்கிறார்கள், அடுத்த கிளை எத்தனை கிலோமீட்டர், பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதி ஆட்சியரிடமும், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் மேலாளரிடமும் கொடுங்கள். புதுச்சேரிக்கு முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. வெறும் எதிர்ப்பைவிட இப்படிப்பட்ட விவரங்களுக்கு அந்தக் கூட்டத்தில் மதிப்பு உண்டு. நான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்.

தனிப்பட்ட புகார் என்றால் முதலில் வங்கியிடமே எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தி இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. எப்படிப் புகார் கொடுப்பது என்று கேட்க 14448 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே அவர்களுடைய பாஸ்புக்குகளை எடுத்துப் பாருங்கள். வங்கிப் பெயர் பழையதாக இருந்தால் அவர்களைக் கையோடு கிளைக்கு அழைத்துப் போய், கணக்கு எண், கைப்பேசி எண், நாமினி, ஆதார் ஆகிய நான்கையும் சரிபார்த்துக்கொண்டு வாருங்கள். மாதத் தொடக்கத்தில் ஓய்வூதியக் கூட்டம் இருக்கும், மாத நடுவில் போனால் ஊழியருக்கும் நின்று பேச நேரம் கிடைக்கும்.

நன்றி. வணக்கம்.