குடல் அழற்சியில் யார் பெருகுகிறார்கள்?

(குடியாத்தத்தில் மகளிர் குழுக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, இங்கே கூடியிருக்கிற அம்மாமார்களே, அக்கா தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டில் பிள்ளைக்கு வயித்தால போகுது என்றால் நம்மில் பலர் முதலில் ஓடுவது மருந்துக்கடைக்கு. "அண்ணா, பேதி நிக்க மாத்திரை குடுங்க" என்று கேட்கிறோம். அவரும் அட்டையில் நாலு ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கிறார். கெட்ட கிருமி புகுந்துவிட்டது, கொன்றால் சரியாகும் என்பது நம் கணக்கு. அதில் பாதிதான் உண்மை. குடலில் அழற்சி, அதாவது உள்சுவர் சிவந்து வீங்கிப் புண்ணாவது, வந்தால், அந்த அழற்சியே உள்ளே இருக்கிற பாக்டீரியாக் கூட்டத்தை மாற்றிவிடுகிறது. அந்த மீதிப் பாதியைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு மனித உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் கணக்கிட்டார்கள். பெரும்பகுதி பெருங்குடலில். அங்கே ஆக்சிஜன் அநேகமாகக் கிடையாது. அங்கு வாழ்கிறவற்றில் பெரும்பாலானவை ஆக்சிஜன் பட்டாலே தாங்காதவை. நாம் சாப்பிடும் கேழ்வரகு, கீரை, பயறு இவற்றில் செரிக்காமல் கீழே இறங்கும் நாரையும் மாவையும் அவை நொதிக்க வைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய ஆகாரம். அதை எரிக்க அந்தச் செல்கள் ரத்தத்தில் வரும் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. அதனால் ஆக்சிஜன் உள்ளே கசிவதில்லை, பாக்டீரியாவும் பிழைக்கிறது. ஒன்று மற்றொன்றைக் காப்பாற்றுகிற ஏற்பாடு. எத்தனை முறை வகுப்பில் சொல்லிக் கொடுத்தாலும் எனக்கு இதில் வியப்பு தீர்வதில்லை.

அழற்சி வந்ததும் இந்த ஏற்பாடு குலைகிறது. சுவர்ச் செல்கள் பியூட்டிரேட்டை எரிப்பதை விட்டுவிட்டு, ஆக்சிஜன் அதிகம் வேண்டாத வழியில் குளுக்கோஸைப் பயன்படுத்துகின்றன. மிஞ்சிய ஆக்சிஜன் உள்ளே கசிகிறது. கிருமியைத் தாக்க உடம்பு உண்டாக்கும் நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரேட்டாக மாறுகிறது. ஆக்சிஜனையும் நைட்ரேட்டையும் வைத்துச் சுவாசிக்கத் தெரிந்தவை ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற பாக்டீரியா வகைகள். சாதாரண நாளில் ஓரமாக, சொற்பமாக இருப்பவை இப்போது மளமளவென்று பெருகும்.

பாலாற்றைப் பாருங்கள். தண்ணீர் ஓடுகிறவரை நடு ஆற்றில் சீமைக் கருவேலம் நிற்காது. ஓட்டம் நின்றது, மரம் ஏறியது. மரத்தை மட்டும் வெட்டினால் அடுத்த வருஷம் மறுபடி துளிர்க்கும். குடலிலும் கிருமியை மட்டும் கொன்றால் அப்படித்தான்.

சால்மோனெல்லாவின் சாமர்த்தியத்தைச் சொல்லியே ஆகவேண்டும். அழற்சியின்போது வெள்ளை அணுக்கள் வெளிவிடும் ரசாயனங்கள் குடலில் இருக்கும் கந்தகச் சேர்மம் ஒன்றை டெட்ராதயோனேட்டாக மாற்றுகின்றன. அதைக்கூட இந்தக் கிருமி சுவாசிக்கப் பயன்படுத்திக்கொள்கிறது. கலிபோர்னியாவில் ஆண்ட்ரியாஸ் போய்ம்லர் குழு 2010-இல் எலிகளில் இதைக் காட்டியது. இன்னொன்று: கால்ப்ரோடெக்டின் என்ற புரதத்தை வெள்ளை அணுக்கள் கொட்டி, கிருமிக்குத் துத்தநாகம் கிடைக்காமல் பிடித்துவைக்கின்றன. மற்றவை பட்டினியில் தளர, சால்மோனெல்லா தன்னிடமுள்ள கூரிய உறிஞ்சியால் துத்தநாகத்தை எடுத்துக்கொள்கிறது. மலத்தில் கால்ப்ரோடெக்டின் பரிசோதனை என்று மருத்துவர் எழுதித் தந்தால், அது இதே புரதம்தான். குடலில் அழற்சி எவ்வளவு என்பதற்கு அது அளவுகோல்.

இனி நம்ம ஊர் விஷயம். 1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காடு கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற நோய் கொள்ளை நோய்போலப் பரவியது. விடாத பேதி, உடல் மெலிவு, ரத்தசோகை. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் பேக்கர், மாத்தன் என்ற மருத்துவர்கள் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். காரணம் இன்ன கிருமிதான் என்று ஒன்று பிடிபடவில்லை. அதே வேலூரில் ராமகிருஷ்ணா குழு காலரா நோயாளிகள் 48 பேரிடம் ஒரு சோதனை செய்து 2000-இல் வெளியிட்டது. பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ்.ஸில், எளிதில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவைச் சேர்த்துக் கொடுத்தார்கள். வெறும் ஓ.ஆர்.எஸ். குடித்தவர்களுக்குப் பேதி சராசரி 91 மணி நேரம் நீடித்தது. மாவு சேர்த்தவர்களுக்கு 57 மணி நேரம். அந்த மாவு நோயாளிக்கு நேராகப் போகவில்லை, பெருங்குடல் பாக்டீரியாவுக்குப் போனது. அது தந்த அமிலங்கள் உப்பையும் தண்ணீரையும் உடம்புக்குள் இழுக்கத் துணை செய்தன. காலராவில் அழற்சி பெரிதாக இருக்காது, அது நஞ்சால் வரும் பேதி. ஆனாலும் உள்ளே குடியிருப்பவை நமக்கு எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை எனக்குத் தெரியாது.

இப்போது அந்த நாலு மாத்திரைக்கு வருவோம். ஆன்டிபயாடிக் பியூட்டிரேட் தருபவற்றையும் சேர்த்துக் கொல்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்த எலிகளில் பியூட்டிரேட் குறைந்து, ஆக்சிஜன் கசிந்து, சால்மோனெல்லா பெருகியது. டைபாய்டு, ரத்தபேதி என்றால் ஆன்டிபயாடிக் வேண்டியிருக்கும். அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். சாதாரணப் பேதிக்கு ஓ.ஆர்.எஸ்., குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை, தாய்ப்பால், வழக்கமான சாப்பாடு. இவற்றை நிறுத்தாதீர்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், கண் குழி விழுதல், சிறுநீர் குறைதல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

குரோன்ஸ், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய்களால் வருஷக்கணக்கில் அவதிப்படுகிறவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். உங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அழற்சியை அடக்கும் மருந்தை நிறுத்திவிட்டு "நல்ல பாக்டீரியா" கேப்சூலை மட்டும் வாங்கி விழுங்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். அழற்சி அடங்காதவரை அந்த பாக்டீரியாவுக்கு உள்ளே பிழைக்க வழி குறைவு. மருந்தை மாற்றுவதோ குறைப்பதோ உங்கள் குடல்நோய் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.