திமிங்கலம் சோளமாக மாறும் சந்தை: லமலேரா கிராமத்தின் கதை

(காட்சி: கடலோரச் சந்தை. ஒரு பக்கம் வாழைப்பழம், மக்காச்சோளம், மரவள்ளிக்கிழங்கு. எதிர்ப்பக்கம் கருத்துக் காய்ந்த கறித் துண்டுகள்.)

சனிக்கிழமை காலை. எல்லாரும் வந்தாகிவிட்டது, சரக்கையும் பரப்பியாகிவிட்டது. ஆனால் யாரும் எதையும் கைமாற்றவில்லை. சந்தை வரி வசூலிக்கிறவர் ஒரு சுற்று முடித்து விசில் ஊத வேண்டும், அதற்காகக் காத்திருக்கிறார்கள். விசில் கேட்டதும்தான் கூட்டம் எழுகிறது. ஒரு துண்டு கறிக்குப் பன்னிரண்டு வாழைப்பழம், அல்லது பன்னிரண்டு சோளக் கதிர். பேரம் நடக்கிறது, ஆனால் இந்தப் பண்டமாற்றில் பணத்துக்கு வேலையே இல்லை.

இது இந்தோனேசியாவின் வுலாண்டோனி சந்தை. அந்தக் கறி, திமிங்கலக் கறி.

(காட்சி: மேப்.)

பாலித் தீவு எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்து கிழக்கே வாருங்கள். லொம்போக், சும்பாவா, அப்புறம் நீளமாகக் கிடக்கிற புளோரஸ். புளோரஸ் முடிகிற இடத்தில் மூன்று தீவுகள் வரிசையாக இருக்கின்றன: சோலோர், அடோனாரா, லெம்பாட்டா. கடைசியாகச் சொன்ன லெம்பாட்டாதான் நாம் போகிற இடம். பழைய மேப்களில் இதன் பெயர் லொம்ப்லென். எரிமலைத் தீவு. 2020 நவம்பரில் இங்குள்ள இலே லெவோடோலோக் வெடித்தபோது ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது.

தீவின் பெரிய ஊரான லெவோலெபா வடக்குக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து மலையைச் சுற்றித் தெற்கே இறங்கினால், சாவு கடலைப் பார்த்தபடி லமலேரா. (சாவு என்பது அங்குள்ள ஒரு தீவின் பெயர், நம் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

ஊரின் முகமே அந்தக் குட்டிக் கடற்கரைதான். இரண்டு பக்கமும் பாறை. நடுவில் ஓலைக் கொட்டகைகள் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு படகு. பின்னால் செங்குத்தான சரிவு. பயிர் வைக்க நிலம் கிடையாது, மழையும் குறைவு. ஆனால் கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் கிடுகிடுவென ஆழமாகிவிடுகிறது. ஆழக்கடல் கணவாயைத் தின்னுகிற ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு அதுதான் வேண்டும். நம் ஊர்ச் செய்திகளில் 'திமிங்கல எச்சம் கடத்தல், இத்தனை கோடி' என்று அடிக்கடி வருகிறதே, அந்த அம்பர்கிரீஸ் உண்டாவது இதன் குடலில்தான். லமலேராக்காரர்கள் இதை 'கோத்தேக்லெமா' என்கிறார்கள். இந்தக் கடல் பகுதியில் ஈட்டியால் திமிங்கலம் பிடிக்கிறார்கள் என்று 1624ஆம் ஆண்டுப் போர்ச்சுகீசிய ஆவணம் ஒன்றே சொல்கிறது. அப்படியானால் நானூறு வருடத்துக்குக் குறையாத பழக்கம்.

(காட்சி: படகின் பலகைகள், கிட்டத்தில்.)

படகின் பெயர் 'தெனா'. பத்து மீட்டருக்கு மேல் நீளம். ஒரு இரும்பு ஆணி கிடையாது, பலகையோடு பலகையை மர முளையால் பொருத்துகிறார்கள். பனை இனத்து மரத்தின் ஓலையைப் பின்னித்தான் பாய் செய்வார்கள். படகு ஒரு ஆளுக்குச் சொந்தமல்ல, குலத்துக்குச் சொந்தம். ஒவ்வொரு படகுக்கும் பெயர் உண்டு. பழைய படகு உளுத்துப்போனால் அதே பெயரில் புதியது கட்டுவார்கள்.

மே மாதம் பருவம் தொடங்குகிறது. மே 1ஆம் தேதி கடற்கரையில் கத்தோலிக்கப் பூசை நடக்கும், கடலில் செத்துப்போனவர்களை நினைத்து வேண்டிக்கொள்வார்கள். அதற்கு முன்பே இன்னொரு சடங்கு உண்டு. அந்த மண்ணின் பழைய குடிகளான குலத்தார் மலையில் இருக்கும் திமிங்கலப் பாறைக்குப் போய்த் திமிங்கலங்களை அழைப்பார்கள். சிலுவையும் பாறையும் சண்டையில்லாமல் சேர்ந்திருக்கின்றன.

"பலேயோ! பலேயோ!"

இந்தக் கூவல் கேட்டால் திமிங்கலம் தட்டுப்பட்டது என்று அர்த்தம். வீடு வீடாக அதையே கூவுவார்கள். கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஆண்கள் கரைக்கு ஓடுவார்கள்.

படகின் முனையில் கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மூங்கில் மேடையில் நிற்பவர் 'லமாஃபா', அதாவது ஈட்டிக்காரர். அவர் ஈட்டியை வீசுவதில்லை. நீண்ட மூங்கில் கம்போடு தானே திமிங்கலத்தின் மேல் குதிக்கிறார். உடம்பின் எடை மொத்தமும் ஈட்டி முனையில் இறங்க வேண்டும், வெறும் கைவீச்சு அந்தத் தோலுக்குப் போதாது. குதித்தவர் உடனே நீந்தித் திரும்ப வேண்டும். கயிறு காலில் சுற்றினால் தீர்ந்தது. 1994இல் குத்துப்பட்ட திமிங்கலம் படகுகளைத் திமோர் பக்கம் வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த வழியாக வந்த ஒரு சுற்றுலாக் கப்பல்தான் ஆட்களைக் காப்பாற்றியது.

எல்லாத் திமிங்கலத்தையும் தொடமாட்டார்கள். நீலத் திமிங்கலம் போன்றவை 'கெலாரு', அவற்றுக்கு விலக்கு. முன்னோரைக் கடலில் காப்பாற்றியது அதுதான் என்று கதை சொல்கிறார்கள். வேட்டை தப்பிப்போனாலும் காரணத்தைக் கடலில் தேடமாட்டார்கள். ஈட்டிக்காரர் வீட்டில் சண்டையா, உறவுக்குள் மனத்தாங்கலா என்று விசாரித்து, முதலில் அதைத் தீர்ப்பார்கள்.

பெரும்பாலான வீடியோக்கள் அந்தக் குதிப்போடு முடிந்துவிடும். எனக்கு அதற்கு அப்புறம் நடப்பதுதான் பெரிதாகப் படுகிறது.

(காட்சி: மூங்கில் சட்டங்களில் தொங்கும் கறி. கீழே சொட்டும் எண்ணெய்.)

கரைக்கு வந்த திமிங்கலத்தை எப்படி வெட்டுவது, எந்தத் துண்டு யாருக்கு என்பதெல்லாம் முன்பே முடிவான கணக்கு. தலைப் பகுதியில் மண்ணின் பழைய குலங்களுக்கு உரிமை. ஈட்டிக்காரருக்கும் துடுப்புப் போட்டவர்களுக்கும் படகு வைத்திருக்கும் குலத்துக்கும் பங்கு. அன்றைக்குக் கடலுக்கே போகாத தச்சர், ஈட்டி முனை அடித்த கொல்லர், பாய் பின்னியவர் எல்லாருக்கும் உண்டு. வாங்கியவர்களும் வீட்டுக்குள் பூட்டி வைப்பதில்லை, சொந்தக்காரர், அக்கம்பக்கம் என்று மறுபடியும் பிரியும். விதவைகள், அநாதைகள் வீட்டுக்கும் போய்ச் சேரும். அவர்களுக்காகத்தான் கடலுக்குப் போகிறோம் என்றே சொல்வார்கள்.

மிச்சத்தைக் கீறி வெயிலில் காயப்போடுவார்கள். சொட்டுகிற எண்ணெயைக் கூட வீணாக்காமல் பிடித்து வைப்பார்கள். கறி காய்ந்ததும் வேலை பெண்கள் கைக்கு வருகிறது. தலையில் கூடையோடு மலைக் கிராமங்களுக்கு நடப்பார்கள், சனிக்கிழமையானால் வுலாண்டோனி. ஆண்கள் பிடித்த திமிங்கலத்தை வீட்டில் வேகும் சோளமாக மாற்றுகிறவர்கள் இவர்கள்தான். மலைக்காரர்களுக்குக் கடல் இல்லை, இவர்களுக்கு வயல் இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? வணிகத் திமிங்கல வேட்டைக்கான சர்வதேசத் தடை 1986இல் வந்தது. அதை நடத்தும் ஆணையத்தில் இந்தோனேசியா உறுப்பினர் இல்லை. நாட்டின் சொந்தச் சட்டம் திமிங்கலத்தைப் பாதுகாக்கிறது, லமலேரா பாரம்பரிய வேட்டை என்பதால் கண்டும் காணாமலும் விடுகிறார்கள். இவர்கள் காலங்காலமாகப் பிடிக்கிற கொம்புத்திருக்கைக்கு 2014இல் நாடு முழுக்கத் தடை வந்தபோது உரசல் கூடியது. கடலைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கப்பல் கப்பலாகத் திமிங்கலத்தைத் துடைத்தெடுத்தவர்களையும் இந்த ஓலைப்பாய்க்காரர்களையும் ஒரே தராசில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இவர்களை 'முன்னேற்றும்' முயற்சியும் நடந்தது. 1973இல் ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பு நார்வே நாட்டு வேட்டை நிபுணரைப் படகோடு அனுப்பியது. சில வருடங்களில் திட்டத்தைச் சுருட்டிக்கொண்டார்கள். தெனா மட்டும் நிலைத்தது.

அந்த நார்வே படகால் ஆகாததை ஒரு சின்ன எஞ்சின் செய்துகொண்டிருக்கிறது. வெளியே மோட்டார் மாட்டிய படகுக்கு லமலேராவில் 'ஜான்சன்' என்று பெயர். ஜான்சன் கம்பெனி மோட்டார் வந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். டால்பினைத் துரத்த, திருக்கை பிடிக்க ஜான்சன்தான் வசதி. ஆனால் பெட்ரோலை வாழைப்பழத்துக்கு மாற்ற முடியாது, பணம் வேண்டும். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கும் அப்படித்தான். கறித் துண்டோ பணமாக மாறுவதில்லை, சோளமாகத்தான் மாறுகிறது. எஞ்சின்காரருக்கு எவ்வளவு பங்கு என்பதும் முன்னோர் போட்ட கணக்கில் இல்லை. அந்த ஊரைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமானால் நான் முதலில் அந்தப் பெட்ரோல் கேனைத்தான் பார்ப்பேன்.

(காட்சி: கடல். ஜான்சன் முன்னால், கயிற்றில் கட்டிய தெனா பின்னால்.)

இப்போது ஸ்பெர்ம் திமிங்கலம் தென்பட்டால், ஜான்சன் தெனாவைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிறது. திமிங்கலம் பக்கத்தில் வந்ததும் கயிற்றை அவிழ்த்துவிடுகிறார்கள். ஜான்சன் ஒதுங்கிக்கொள்கிறது. துடுப்புகள் தண்ணீரில் இறங்குகின்றன. மூங்கில் மேடையில் ஒருவர் எழுந்து நிற்கிறார்.