ஜாக்கி-நாலை வெச்சு ஆல் இன்னைக் கால் பண்ணது சரியா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்த வாரம் வந்த போக்கர் கேள்விகள்ல ஒண்ணு மட்டும் மனசுலயே சுத்திக்கிட்டு இருக்கு. ஒரு நேயர் கேட்கறார்: "ஹஸ்ட்லர் கேசினோ லைவ் போக்கர் நிகழ்ச்சியில எதிராளி ஆல் இன் (இருக்கற பணம் மொத்தமும்) போனப்போ ராபி ஜேட் லூ ஜாக்கி-நாலோட கால் பண்ணாங்களே (அதே தொகையைப் போட்டு ஏத்துக்கிட்டாங்களே), அந்த நேரத்துல அவங்கதானே முன்னாடி இருந்தாங்க? அப்போ சரியான கால்தானே, ஏன் இவ்வளவு ரகளை?"

நல்ல கேள்வி. ஆனா "அந்த நேரத்துல முன்னாடி இருந்தாங்க"ங்கற இடத்துலதான் வம்பே இருக்கு.

பார்க்காதவங்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிடறேன். ஆளுக்குக் கையில ரெண்டு சீட்டு, மேசையில பொதுவா அஞ்சு; அந்த ஏழுல சிறந்த அஞ்சுதான் கணக்கு. 2022 செப்டம்பர் 29, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல கார்டீனா. எதிராளி கேரட் அடெல்ஸ்டைன் கையில கிளாவர் 8, கிளாவர் 7. ராபி கையில கிளாவர் ஜாக்கி, ஹார்ட்டின் 4. ஃப்ளாப் (முதல்ல திறக்கற மூணு பொதுச் சீட்டு) ஹார்ட்டின் 10, கிளாவர் 10, கிளாவர் 9. டர்ன் (நாலாவது சீட்டு) ஹார்ட்டின் 3. டர்ன்ல கேரட் 10,000 டாலர் போட்டார், ராபி 20,000-க்கு ஏத்தினாங்க, அவர் ஆல் இன் போயிட்டார். ராபி இன்னும் சுமார் 1,09,000 போடணும். போட்டாங்க. மொத்த பாட் (நடுவுல சேர்ந்த பணம்) 2,69,000. அப்புறம் ஏமாத்து வேலைன்னு புகார் வந்துச்சு, அவங்க மறுத்தாங்க, விசாரணையில ஆதாரம் எதுவும் கிடைக்கல. அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம், சீட்டுக்கு வருவோம்.

முதல்ல நேயர் சொன்ன கணக்கு. வெளிய தெரிஞ்ச சீட்டு எட்டு, மிச்சம் 44. இப்போதைக்கு ரெண்டு பேருக்கும் மேசையில இருக்கற 10-10 ஜோடிதான், ஜாக்கி பெரிசுங்கறதால ராபி முன்னாடி. கடைசியா ஒரு பொதுச் சீட்டு பாக்கி. அதுல கேரட்டுக்கு உதவுற சீட்டு எத்தனை? ஃப்ளஷ் (ஒரே இனத்துல அஞ்சு சீட்டு) ஆக, மிச்சம் இருக்கற எட்டு கிளாவர் சீட்டு. கிளாவர் ஜாக்கி ராபி கையில இருக்கறதால ஒண்ணு குறைஞ்சு போச்சு, கவனிங்க. வரிசை முடிக்க மிச்ச ஜாக்கி மூணு, கிளாவர் இல்லாத 6 மூணு. ஜோடி போட 8 மூணு, 7 மூணு. மொத்தம் 20. ராபிக்கு மிச்சம் 24, அதாவது 54.5 சதவீதம். 1,09,000 போட்டு 2,69,000 எடுக்கப் பார்த்தா, 40.5 சதவீதம் இருந்தா போதும். ஆக, ரெண்டு கையையும் விரிச்சு வெச்சுப் பார்த்தா லாபமான கால்தான்.

ஆனா மேசையில யாரும் சீட்டை விரிச்சு வெக்கல. ரேஞ்ச் (எதிராளிகிட்ட இருக்கக்கூடிய எல்லாக் கைகளும்) பத்தின வீடியோவுல சொன்னதையே திரும்பச் சொல்றேன், சலிச்சுக்காதீங்க: எதிர்ல இருக்கறது ஒரு கை இல்ல, ஒரு கூட்டம். கால் பண்றதுக்கு முன்னாடி, இந்தக் கூட்டத்துல நான் யார் யாரை ஜெயிக்கறேன்னு எண்ணுங்க.

எண்ணிப் பார்ப்போம். கேரட் கையில ஒரு 10 இருந்தா ராபிக்கு ஒரு சீட்டுகூட உதவாது. 9-9 இருந்தாலும் அப்படித்தான். ஒரு 9 இருந்தாலே ஜாக்கி தோத்துடுது. சரி, வெறும் ப்ளஃப்னு (ஒண்ணுமில்லாம மிரட்டறதுன்னு) வெச்சுக்கோங்க, கிளாவர் ஏஸ், கிளாவர் 5. ஒண்ணுமே ஆகாத கை. ஆனா ஏஸ் ஜாக்கியைவிடப் பெரிசு! ராபிக்கு உதவறது மூணு ஜாக்கியும், கிளாவர் அல்லாத ரெண்டு நாலும்தான். 44-ல அஞ்சு, 11 சதவீதம். அதாவது ப்ளஃப்பைச் சரியாக் கண்டுபிடிச்சும் தோக்கறாங்க. ஜாக்கி ஜெயிக்கறது 8-7, 8-6, 7-6 மாதிரி சில்லறைக் கைகளை மட்டும்தான். அதுலயும் கிளாவர் 8-7 எதிர்ல வந்தப்போ ஜெயிக்கற வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் மேலதான்.

நேயர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற: அந்த 4-க்குப் பதிலா ஒரு 3 இருந்திருந்தா? கையில ஜாக்கி-மூணுன்னு நினைச்சுட்டேன்னு ராபியே பிறகு ஒரு விளக்கம் சொன்னாங்க. அதனால இது வெறும் கற்பனை இல்ல. போர்டுல 3 இருக்கு, அப்போ ரெண்டு ஜோடி ஆயிடும். அதே ஏஸ்-5-ஐ எதிர்ல வெச்சுப் பாருங்க. இப்போ அவருக்கு உதவறது ஏழு கிளாவர் (கிளாவர் 3 வந்தா ராபிக்கு ஃபுல் ஹவுஸ், அதாவது மூணு 3-ம் ஒரு 10 ஜோடியும், அது ஃப்ளஷ்ஷைவிடப் பெரிசு; அதனால அது கணக்குல இல்ல), மூணு ஏஸ், மூணு 5. அப்புறம் பலபேர் மறக்கற மூணு சீட்டு, 9! போர்டுலயே 10-10-9-9 ஆயிட்டா ராபியோட 3-3 செல்லாக்காசு, ஏஸ் பெரிசுன்னு அவர் பாட்டை அள்ளிடுவார். மொத்தம் 16. ராபிக்கு 28, கிட்டத்தட்ட 64 சதவீதம். ஒரே ஒரு புள்ளி மாறினதுல 11-லருந்து 64! ஜாக்கி-மூணு ப்ளஃப் பிடிக்கற கை. ஜாக்கி-நாலு அது இல்ல.

ரிவரை (கடைசி, அஞ்சாவது சீட்டை) ரெண்டு தடவை போட்டு, தடவைக்குப் பாதிப் பாட்னு பிரிச்சாங்களே, அதையும் சொல்லிடறேன். முதல்ல டைமண்ட் 9, அப்புறம் ஸ்பேட் ஏஸ், ரெண்டுமே ராபிக்கு. இதுக்கு வாய்ப்பு 44-ல 24, அதோட 43-ல 23-ஐப் பெருக்கினா 29 சதவீதம். கேரட் ரெண்டையும் எடுக்க 20 சதவீதம். மிச்சம் 51 சதவீதம் ஆளுக்குப் பாதி. ரெண்டு தடவை போடறதால சராசரி வரவு ஒரு டாலர்கூட மாறாது, ஏத்த இறக்கம் மட்டும்தான் குறையும். அன்னைக்கு அதுவும் குறையல.