டன்வாலை ஷார்னுக்குக் கொண்டுபோவோம்: வீடியோ கேம் ஊரை டேபிள்டாப்ல கட்டுறது எப்படி?

[திரையில்: மேல்தளத்துக்கு மேல திமிங்கிலத்தைக் கட்டித் தொங்கவிட்ட கப்பல், பின்னாடி டன்வால்]

டிஸ்ஹானர்ட் விளையாடினவங்க யாரும் டன்வால் ஊரை மறந்திருக்க மாட்டீங்க. ஆர்கேன் ஸ்டூடியோஸ் உருவாக்கி, 2012 அக்டோபர்ல பெதெஸ்டா வெளியிட்ட கேம். ஊர் பூரா எலி. எலியால கொள்ளைநோய். நோய் முத்தினவங்க கண்ணுல ரத்தம் வழியத் தெருவுல திரிவாங்க, அவங்களுக்கு வீப்பர்னு பேரு. முக்கியமான வழியெல்லாம் ஒளிச்சுவர் வச்சு அடைச்சிருப்பாங்க. அனுமதி இல்லாம தாண்டினா அந்த இடத்துலயே சாம்பல்.

இந்த ஊருக்குள்ள நண்பர்களைக் கூட்டிட்டுப் போய் டைஸ் உருட்டணும்னு ஆசைப்படுற டிஎம் (மேசையில கதையை நடத்துறவங்க) நிறைய பேர் இருப்பீங்க. டிஸ்ஹானர்டுக்குன்னே ஒரு டேபிள்டாப் ஆர்பிஜியை, அதாவது மேசையைச் சுத்தி உக்காந்து கேரக்டரா மாறி ஆடுற விளையாட்டை, மோடிஃபியஸ் 2020ல வெளியிட்டாங்க. புதுசா தொடங்குறவங்க அதையே எடுக்கலாம். ஆனா உங்க மேசையில ஏற்கனவே டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஓடிட்டு இருக்கு, கேரக்டரெல்லாம் மூணாவது லெவலுக்கு வந்தாச்சுன்னா, ரூல்ஸை விட்டுட்டு ஊரை மட்டும் கொண்டு வரணும். அதுக்கு நான் எடுக்கிற ஊர், எபரான் உலகத்துல இருக்கிற ஷார்ன்.

கதையோட முக்கியமான திருப்பத்தைப் பத்தியும் பேசப் போறேன். கேமை இன்னும் முடிக்காதவங்க முடிச்சுட்டு வந்து பாருங்க.

[திரையில்: ஷார்ன் கோபுரங்கள், இடையில தொங்குற பாலங்கள்]

2002ல டி அண்ட் டியை வெளியிடுற விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் அதுக்குப் புது உலகம் தேடி ஒரு போட்டி வச்சாங்க. 11,000க்கும் மேல வந்த யோசனைகள்ல ஜெயிச்சது கீத் பேக்கரோட எபரான். 2004ல வெளிவந்துச்சு. அங்க மந்திரம்ங்கிறது ஏதோ குகையில ஒளிஞ்சிருக்கிற ரகசியம் இல்ல, அது ஒரு தொழில். ரயில் ஓட்டும், கப்பலைப் பறக்க வைக்கும், தெருவிளக்கு போடும். ஷார்ன் அந்த உலகத்தோட பெரிய ஊர். நிமிர்ந்து நிக்கிற ஊர்: மேல பணக்காரங்க, கீழ ஏழைங்க, அதுக்கும் கீழ கோக்ஸ்னு ஒரு பட்டறை உலகம்.

பொதுவா எல்லாரும் முதல்ல வரைபடத்தைத்தான் கையில எடுப்போம். டன்வால்ல இருக்கிற ஹவுண்ட் பிட்ஸ் பப்பை எங்க வைக்கலாம், கால்ட்வின் பாலம் எந்தக் கோபுரத்துக்கு நடுவுலனு. அதை அப்படியே ஓரமா வச்சிடுங்க. டன்வாலை டன்வாலா ஆக்குறது கட்டடம் இல்ல. அந்த ஊர் எதை எரிச்சு ஓடுது, அதுக்கு யார் விலை கொடுக்குறாங்கங்கிறதுதான். அந்த நெருக்கடி வந்துட்டா, கட்டடம் எதுவா இருந்தாலும் உங்க ஆளுங்க டன்வாலை உணருவாங்க.

டன்வால் எரிக்கிறது திமிங்கில எண்ணெய். 2013ல வந்த டிஎல்சியில (கேமோட கூடுதல் பகுதி) ஒரு அறுப்புக்கூடத்துக்குள்ள போவோம். உயிரோட ஒரு திமிங்கிலம் தொங்கிட்டு இருக்கும், நீங்க நினைச்சா அதோட வேதனையை முடிச்சு வைக்கலாம். அதுக்கு அப்புறம் தெருவுல எரியற விளக்கு எதையும் பழையபடி பார்க்க முடியாது.

ஷார்ன்ல இதுக்கு ஈடா என்ன இருக்கு? விளக்குல தேடாதீங்க. அங்க தெருவிளக்கு அணையாத மந்திரச் சுடர், எண்ணெயே கேக்காது. ஏர்ஷிப்பைப் பாருங்க. அதைச் சுத்தி ஒரு நெருப்பு வளையம் சுழலும் பாருங்க, அது கைபர் டிராகன்ஷார்ட்ங்கிற படிகத்துக்குள்ள கட்டிப்போட்ட ஒரு எலிமென்டல், இயற்கை சக்தியே உயிரான ஒண்ணு. உயிருள்ள ஒண்ணைச் சிறை வச்சுத்தான் ஊர் பறக்குது. அதுக்கு வலிக்குதா இல்லையாங்கிறதை டிஎம்மா நீங்க முடிவு பண்ணலாம். வலிக்குதுன்னு முடிவு பண்ணுங்க.

[திரையில்: ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல பாலம், நடுவுல நீலமா மின்னுற வாசல்]

இப்ப ஒளிச்சுவரைக் கட்டுவோம். ஷார்னோட டுரா பகுதியில ஒரு பாலம். நடுவுல வாசல். ஓரத்துல இரும்புக்கூடு, அதுக்குள்ள கைபர் படிகம், அதுக்குள்ள ஒரு மின்னல் எலிமென்டல். கேம்ல நீங்க எண்ணெய் டேங்கை உருவினா சுவர் அணையும், வயரை மாத்தினா காவலாளியையே எரிக்கும். இங்க ரோக் (திருட்டு வேலையில கெட்டிக்கார கேரக்டர்) கூட்டைத் திறந்து படிகத்தை உருவுறாங்கன்னு வைங்க. வாசல் அணையும். சரி, படிகத்தை உடைச்சா? உள்ள இருக்கிறது வெளிய வரும், அது யார் பக்கம்னு யாருக்கும் தெரியாது. உங்க பிளேயர் படிகத்தைக் கையில வச்சுட்டு, "உள்ள இருக்கிறது ஏதாவது சொல்லுதா?"ன்னு கேட்டாங்கன்னா, உங்க டன்வால் வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு.

அடுத்தது கொள்ளைநோய். டி அண்ட் டியில நிறைய பேர் கைவிடுறது இங்கதான், அதனால கொஞ்சம் நிதானமா பார்ப்போம். 2014 ரூல்ஸ்படி லெஸ்ஸர் ரெஸ்டொரேஷன்ங்கிற மந்திரம் போட்டா நோய் போயிடும். ரெண்டாவது லெவல் ஸ்பெல். பாலடின்ங்கிற புனித வீரர், லே ஆன் ஹாண்ட்ஸ்ங்கிற குணப்படுத்துற சக்தியில 5 பாயிண்ட் செலவு பண்ணினாலே போதும். அப்புறம் என்ன கொள்ளைநோய்? உடனே டிஎம் "இந்த நோய்க்கு மந்திரம் வேலை செய்யாது"ன்னு சொல்லிடுவாங்க. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. பிளேயர் ஆசையா எடுத்த சக்தியைப் பிடுங்குறது நியாயம் இல்ல, கதைக்கும் அது நஷ்டம்.

மந்திரம் வேலை செய்யட்டும். மூணாவது லெவல் கிளெரிக்குக்கு (பூசாரி கேரக்டர்) ரெண்டாவது லெவல் ஸ்லாட், அதாவது மந்திரம் போடுற வாய்ப்பு, ரெண்டே ரெண்டு. அப்போ ஒரு நாளைக்கு ரெண்டு பேர். கீழ் டுராவுல ஒரு சந்துல படுத்துக் கிடக்கிறவங்களே நாப்பது பேர். அம்மாவைக் காப்பாத்துறதா, குழந்தையையா? இல்ல அந்த ரெண்டு ஸ்லாட்டையும் சண்டைக்குன்னு ஒதுக்கி வைக்கிறதா? குணமானவரை மறுபடியும் எலி கடிக்கும். எந்தக் கிளெரிக்கும் இந்த சந்தை லேசா கடந்து போயிட முடியாது.

சரி, ஊர்ல வைத்தியம் யார் கையில இருக்கு? எபரான்ல மருத்துவம் ஹவுஸ் ஜொராஸ்கோங்கிற ஹாஃப்லிங் குடும்பத்தோட தொழில், காசு வாங்கித்தான் பார்ப்பாங்க. டன்வால்ல சோகோலோவ்ங்கிற விஞ்ஞானியோட எலிக்ஸிர் மருந்து யாருக்குக் கிடைக்குதோ அவங்கதான் பிழைப்பாங்க. அந்த ஏற்பாடு இங்க ஏற்கனவே தயாரா இருக்கு, நீங்க விலையை ஏத்தினா போதும். தனிமைப்படுத்துறதுக்கு மதிலும் வேண்டாம். கோபுரத்துக்குள்ள மேல கீழ போற லிஃப்டை நிறுத்திட்டா கீழ இருக்கிறவங்க கீழயே.

எலி எங்கிருந்து வந்துச்சு? கேம்ல உளவுத் தலைவர் ஹைரம் பரோஸ் ஏழைகளை ஒழிக்கணும்னே கொண்டு வந்தது, அப்புறம் அவர் கையை மீறிப் போனது. அந்தக் கொடுமையை வச்சுக்கோங்க, ஆளை மாத்துங்க. கேம் முடிச்ச பிளேயர் முதல் செஷன்லயே உளவுத் தலைவரைக் கை காட்டிடுவாங்க. ஷார்னோட வரலாறே உங்களுக்கு ஒரு காரணம் கொடுக்குது, இதைப் படிச்சப்போ எனக்கு உண்மையிலேயே புல்லரிச்சுது. சுமார் 1500 வருஷத்துக்கு முன்னாடி, அபெரன்ட் மார்க்ங்கிற, உடம்புல தோணுற கோணலான மந்திர முத்திரை இருக்கிறவங்களை வேட்டையாடின ஒரு போர். அதோட கடைசி நாட்கள் நடந்தது பழைய ஷார்ன்ல. அங்க செத்தவங்கள்ல ஒருத்தருக்குப் பேரே லேடி ஆஃப் த ப்ளேக். நோயையும் பூச்சி புழு எலியையும் ஏவுறவங்க. இடிஞ்ச அந்தப் பழைய ஊர் இன்னும் கீழ புதைஞ்சு கிடக்கு. மேல இருக்கிற யாரோ ஒருத்தர் காசுக்காக அந்த மூடின கதவைத் திறந்தாங்கன்னு வைங்க. போதும்.

அந்த மார்க்தான், கேம்ல அவுட்சைடர்ங்கிற மாய சக்தி நாயகன் கோர்வோ கையில போடுற முத்திரைக்கும் ஈடு. இது ரொம்ப முக்கியம், ஏன்னா தெருவெல்லாம் மந்திரம் இருக்கிற ஊர்ல "தடை செய்யப்பட்ட சக்தி"ன்னு ஒண்ணைக் காட்டுறது கஷ்டம். அபெரன்ட் மார்க்கை மட்டும் அங்க எல்லாரும் பயந்து வெறுப்பாங்க. டி அண்ட் டி ஐந்தாம் எடிஷன்ல அதுக்கு ஒரு ஃபீட் (கேரக்டர் எடுத்துக்கிற கூடுதல் திறமை) இருக்கு. மார்க்கோட ஸ்பெல்லைப் போடும்போது ஒரு ஹிட் டைஸ் (ஓய்வுல ஹிட் பாயிண்டை, அதாவது உயிர்ப்புள்ளியை, மீட்க வச்சிருக்கிற டைஸ்) செலவு பண்ணி உருட்டலாம். இரட்டைப்படை விழுந்தா உங்களுக்குத் தற்காலிக ஹிட் பாயிண்ட், ஒற்றைப்படை விழுந்தா 30 அடிக்குள்ள இருக்கிற வேற யாரோ ஒருத்தருக்கு அடி. கோர்வோவோட பிளிங்க் சக்தி மாதிரி சட்டுனு இடம் தாவணும்னா மிஸ்டி ஸ்டெப் ஸ்பெல்லை இதே விதியோட கொடுத்திடுங்க.

[திரையில்: எட்டுத் துண்டா வெட்டின வட்டம், ஒவ்வொண்ணா நிறம் ஏறுது]

அடுத்தது கேமோட கேயாஸ் சிஸ்டம். நீங்க அதிகமா கொன்னா டன்வால்ல எலி பெருகும், வீப்பர் பெருகும், கோர்வோ காப்பாத்துற சிறுமி எமிலி வரையற படம்கூட இருண்டு போகும். இதை டேபிள்டாப்ல செய்ய ஒரு அருமையான கருவி, ஜான் ஹார்ப்பரோட ப்ளேட்ஸ் இன் த டார்க்ல இருக்கு. அந்த கேமே டிஸ்ஹானர்டைத் தன்னோட ஆதாரங்கள்ல ஒண்ணா சொல்லுது. ஒரு வட்டம் வரைஞ்சு எட்டாப் பிரிங்க. பொது இடத்துல ஒரு பிணம் விழுந்தா ஒரு துண்டு, படிகத்தை உடைச்சா ஒண்ணு, கீழ்ப்பகுதியைக் கண்டுக்காம ஒரு வாரம் போனா ஒண்ணு. மேசை நடுவுல எல்லாருக்கும் தெரியற மாதிரி வைங்க. கேம்ல இது மறைஞ்சு ஓடுது, ஏன்னா அங்க குவிக்சேவ் (சேமிச்ச இடத்துக்கே திரும்பிப் போய் ஆடுற வசதி) இருக்கு. மேசையில திரும்பிப் போக வழி இல்ல, அதனால விலை முன்னாடியே தெரியணும்.

ஒளிஞ்சு போறதுக்கும் ஒரு வார்த்தை. கோர்வோ தனி ஆள், உங்க கூட்டத்துல நாலு பேர், அதுல ஒருத்தர் இரும்புக் கவசம். தனித்தனியா ஸ்டெல்த் உருட்ட வச்சா ஒருத்தராவது மாட்டுவாங்க. குரூப் செக் வைங்க: பாதிப் பேர் தாண்டினா எல்லாரும் தாண்டின கணக்கு.

டன்வால்ல வெள்ளத்துல மூழ்கின ருட்ஷோர் பகுதிக்கு ஈடா ஷார்ன்ல ஃபாலன்னு ஒரு பகுதி இருக்கு, எபரான் கணக்குல 918ஆம் வருஷம் கண்ணாடிக் கோபுரம் விழுந்து நொறுங்கின இடம். கேம்ல மந்திரக்காரங்களை வேட்டையாடுற ஓவர்சீயர்களை விட்டுடலாம், இந்தக் கதைக்கு அவங்க இல்லாமலே போதும்.

விடவே கூடாதது லேடி பாயில் விருந்து. அந்த கேம்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் அது. மூணு சகோதரிகள், வெள்ளை, கறுப்பு, சிவப்பு உடை, முகமூடி. அதுல நீங்க ஒழிக்க வேண்டிய குறி யாருங்கிறது ஒவ்வொரு தடவையும் மாறும். நீங்க கொலைகாரனா உள்ள போய் விருந்தாளிப் பதிவேட்டுல சொந்தப் பேர்லயே கையெழுத்துப் போடலாம். ஷார்ன்ல, மிதக்கிற ஸ்கைவே பகுதியில மாசா மாசம் நடக்கிற டெய்ன் காலாங்கிற விருந்துல இதை வைங்க. யார் குறின்னு செஷன் தொடங்கும்போது ஒரு டைஸ் உருட்டி நீங்களும் அப்பதான் தெரிஞ்சுக்கோங்க. துப்பு மட்டும் மூணு பேருக்கும் எழுதி வைங்க: யார் என்ன குடிப்பாங்க, யார் யாருக்குக் கடன்பட்டிருக்காங்க, கீழ செத்தவங்களைப் பத்திக் கேட்டா யார் கண்ணு எங்க போகுது. வாசல்ல பதிவேட்டை நீட்டி, உங்க பிளேயர் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளுங்க: என்ன பேர் எழுதுறீங்க?