காலைப் பார்த்துவிட்டுத்தான் கதவு திறக்கிறது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பார்களிலும் கிளப்புகளிலும் உடை விதி வைப்பது ஒழுங்கா, அவமதிப்பா என்பது தலைப்பு. அவமதிப்புதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா, "கல்யாணத்துக்கு நல்லதாக உடுத்திப் போகிறோமே, அதுபோலத்தான் இதுவும்" என்றார். அம்மா, நம் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் வயலிலிருந்து நேராக வந்துவிட்டால் என்ன செய்வோம்? "வாங்க, முதல்ல சாப்பிடுங்க" என்போம். வாசலில் ஆள் நிறுத்தி அவர் காலைப் பார்ப்போமா?

2014 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்காகச் சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் சங்க கிளப்புக்குப் போனார். வேட்டி கட்டியிருந்தார். உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது: வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நல்ல சட்டம், மதிக்கிறேன். ஆனால் அது வேட்டிக்கும் பாரம்பரிய உடைகளுக்கும் வந்த சட்டம். செருப்புக்காலோடு வருகிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது?

என் நண்பன் ஒருவன் கிரேன் ஓட்டுகிறான். சம்பளம் உயர்ந்த சந்தோஷத்தில் எங்களை ஒரு பெரிய ஓட்டல் பாருக்கு அழைத்துப் போனான். இஸ்திரி போட்ட சட்டை, காலில் புதுத் தோல் செருப்பு. "ஷூ இல்லாம விடமாட்டாங்க சார்" என்றார் காவலாளி. சரி, விதி என்றால் விதிதானே என்று திரும்பினோம். நாங்கள் படி இறங்குவதற்குள் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக ஒரு வெள்ளைக்காரர் எங்களைத் தாண்டி ஏறினார். கதவு திறந்தது, சலாமும் கிடைத்தது. நடுவர் அவர்களே, அந்த விதி செருப்புக்கு என்றால் அவர் எப்படிப் போனார்?

அந்தக் காவலாளி மேல் எனக்குக் கோபமே இல்லை. ஓட்டல் கொடுத்த கோட்டைக் கழற்றிவிட்டுத் தன் சொந்த உடையில் வந்தால் அவரையும் அதே வாசலில் நிறுத்துவார்கள்.

"தனியார் இடம், கலாட்டா நடக்கக் கூடாது" என்கிறார்கள். கலாட்டா செய்கிறவரை வெளியே அனுப்புங்கள், நானே கை தட்டுவேன். ஷூ போட்டவர் குடித்துவிட்டுச் சண்டை போட்டதே இல்லையா?

அப்புறம், பார் வாசலில் பழகிய கண் அங்கேயே நின்றுவிடுவதில்லை. 2024-இல் பெங்களூரைப் பாருங்கள். பிப்ரவரியில் மெட்ரோ நிலையத்தில், கையில் டிக்கெட் இருந்தும், உடை அழுக்கு என்று ஒரு விவசாயியைத் தடுத்தார்கள். மற்றப் பயணிகள் அவருக்காகச் சண்டை போட வேண்டியிருந்தது. ஜூலையில் மகனோடு படம் பார்க்க வந்த இன்னொரு விவசாயியை, வேட்டி கட்டியிருந்தார் என்று ஒரு மாலுக்குள் விடவில்லை. அந்த வணிக வளாகத்தை ஏழு நாள் மூடச் சொன்னது கர்நாடக அரசு. அங்கே பார் எங்கே இருந்தது? பார்வைதான் இருந்தது.

என் நண்பன் அன்று ஒன்றும் பேசவில்லை. கையேந்தி பவனில் நின்று சாப்பிட்டோம், அவன்தான் பணம் கொடுத்தான். போன மாதம் என் மகள் பிறந்த நாளுக்கு வீட்டுக்கு அழைத்தேன். போனில் அவன் முதலில் கேட்டது, "ஷூ போட்டுட்டு வரணுமாடா?"