ஒரே ஒரு புள்ளி எழுத்து போதும்! தமிழ்க் குறுக்கெழுத்துக்குள் ஒளிந்திருக்கும் ரகசியம்

(திரையில்: கூட்டல் குறி வடிவில் ஐந்து கட்டங்கள். நடுக்கட்டத்தில் மட்டும் ‘க்’.)

இந்த ஐந்து கட்டங்களைக் கொஞ்சம் பாருங்கள். நடுவில் ‘க்’ இருக்கிறது, மற்ற நான்கும் காலி. நான் இன்னும் ஒரு குறிப்பு கூடத் தரவில்லை. ஆனால் வலது கட்டத்திலும் கீழ்க் கட்டத்திலும் எந்த வரிசை எழுத்து வரும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். எப்படி? வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள். தோன்றியதைக் கமெண்டில் போட்டுவிட்டு மேலே பாருங்கள்.

(திரையில்: லிட்டில் இந்தியா, காலை நேரம். மேசையில் தே தாரிக், மடித்த செய்தித்தாள், பேனா.)

வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் இருந்து பேசுகிறேன். எனக்குக் குறுக்கெழுத்துப் பழக்கம் வந்தது என் பெரியப்பாவிடமிருந்து. அவர் நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தினமும் காலையில் செய்தித்தாள் வந்ததும் தலைப்புச் செய்திக்கு முன்னால் கட்டத்தைத்தான் திறப்பார். சின்ன வயதில் நான் பக்கத்தில் உட்கார்ந்து, “பெரியப்பா, குறிப்பையே படிக்காம எப்படி எழுதுறீங்க?” என்று கேட்டேன். “முதல்ல புள்ளி எழுத்து எங்க விழும்னு பாரும்மா. மிச்சத்தை அதுவே சொல்லும்” என்றார். அதன் அர்த்தம் எனக்குப் புரியவே பல வருடங்கள் ஆனது. இன்றைய வீடியோ முழுக்க அந்த ஒரு வரிதான்.

வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின், 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் வைர வடிவத்தில் ஒரு புதிர் போட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘வேர்ட்-கிராஸ்’. சில வாரங்களில் அச்சில் நடந்த ஒரு தவறால் பெயர் ‘கிராஸ்-வேர்ட்’ என்று புரண்டது, அதுவே நிலைத்தது. 1924இல் நியூயார்க்கில் முதல் குறுக்கெழுத்துப் புத்தகம் வந்தது. அதே 1924இல்தான் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ பத்திரிகை பிறந்தது. சரி, வரலாறு போதும். எனக்கு உயிரான பகுதிக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்குள் 26 எழுத்துகளில் ஒன்று வரும். தமிழில்? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, மொத்தம் 247. கேட்டதும் மலைப்பாக இருக்கிறது இல்லையா? ஆனால் தமிழில் எந்த எழுத்தும் நினைத்த இடத்தில் போய் உட்கார முடியாது. எது எங்கே வரலாம், எதற்குப் பக்கத்தில் எது நிற்கலாம் என்று தொல்காப்பியமும் நன்னூலும் வரையறுத்து வைத்திருக்கின்றன. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அதே மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம். இவை குறுக்கெழுத்துக்காகவே எழுதியது போல அப்படிப் பொருந்துகின்றன!

முதலில் உயிரெழுத்து. செய்யுளில் வரும் அளபெடையைத் தள்ளி வைத்துவிட்டால், அ, ஆ, இ, ஈ எல்லாம் சொல்லின் தொடக்கத்தில் மட்டுமே வரும். ஆகவே ஒரு கட்டத்தில் ‘இ’ விழுந்தால், அந்தக் கட்டத்தின் வழியாகப் போகும் இரண்டு சொற்களும் அங்கேதான் தொடங்கியாக வேண்டும். அடுத்தது மெய்யெழுத்து. புள்ளி வைத்த எழுத்து சொல்லைத் தொடங்காது. அதனால் ஒரு சொல்லுக்கு முதல் கட்டமாகவும் இன்னொன்றுக்கு நடுக்கட்டமாகவும் இருக்கும் இடத்தில் உயிரும் வராது, மெய்யும் வராது, ஆய்தமும் வராது. உயிர்மெய் மட்டும்தான். அதிலும் ண, ன, ற, ழ, ள வரிசைகள் முதலில் வராது. ட, ர, ல வேண்டுமானால் ‘டாக்சி’, ‘ரொட்டி’, ‘லாரி’ போன்ற இரவல் சொற்களுக்கு வரும். குறிப்பைப் படிக்காமலே பெரிய கூட்டம் கழிந்துவிட்டது பாருங்கள்.

இப்போது நம் ‘க்’. க், ச், த், ப் என்ற நான்கு மெய்களும் தமிழ்ச் சொல்லுக்குள் தன் வரிசையோடு மட்டுமே சேரும். பக்கம், பச்சை, பத்து, பப்பாளி. ‘க்’ சொல்லின் கடைசியிலும் நிற்காது. ஆகவே அடுத்த கட்டம் இருந்தே தீரும், அதில் ககர வரிசைதான் வரும். 247இல் இருந்து 12க்கு வந்துவிட்டோம். அதுவும் ஒரு பக்கம் மட்டும் இல்லை. வலது பக்கமும் அதே, கீழேயும் அதே! ஒரே புள்ளி எழுத்து இரண்டு கட்டங்களைத் திறந்துவிடுகிறது. மூன்று கட்டச் சொல்லில் நடுவில் ‘க்’ என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு முதலில் ‘கு’ போட்டுப் பார்ப்பேன். மூக்கு, நாக்கு, கொக்கு, தேக்கு, வாக்கு... வரிசை நீளும்.

சில பத்திரிகைகளில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் சொற்கள் ஓடும். அப்போதும் விதி அதேதான், அம்புக்குறி மட்டும் திரும்பும். ‘சக்தி’, ‘பக்தி’ போன்ற வடசொற்களும், ‘டாக்டர்’, ‘மார்க்கெட்’ போன்றவையும் இந்த விதிகளை மீறும். அப்படிப்பட்ட சொல்லைப் போடுகிறவர் குறிப்பிலேயே ஒரு ஜாடை காட்ட வேண்டும் என்பது என் கட்சி. காட்டாமல் விட்டால் அது நியாயமான புதிர் இல்லை.

(திரையில்: அதே ஐந்து கட்டங்கள். இப்போது குறிப்புகள் தோன்றுகின்றன.)

குறிப்பு தருகிறேன். இடமிருந்து வலம்: பினாங்குக்குப் பெயர் கொடுத்த காய். மேலிருந்து கீழ்: இஞ்சி காய்ந்தால் இது. போட்டுவிட்டீர்களா? பாக்கு, சுக்கு. இரண்டு முனையிலும் ‘கு’!

பேனாவை மூடியதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். விடைகளில் ஒன்றை எடுத்துத் தோண்டுங்கள். பாக்கையே எடுத்துக்கொள்வோம். மலாய் மொழியில் ‘பினாங்’ என்றால் பாக்கு, ‘பூலாவ்’ என்றால் தீவு. நாம் குடியிருப்பது பாக்குத் தீவில். மாநிலக் கொடியைப் பாருங்கள், நடுவில் நிற்பது பாக்கு மரம்தான். இதற்கு அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பெண் கேட்பதற்கு மலாயில் என்ன சொல் தெரியுமா? ‘மெமினாங்’. அதே ‘பினாங்’ வேரில் இருந்து வந்த சொல். பெண் கேட்கப் போகும்போது வெற்றிலை பாக்கு கொண்டுபோவது அவர்கள் வழக்கம். நம் வீட்டிலும் அதே தட்டு, அதே வெற்றிலை பாக்கு; நிச்சயதாம்பூலம் என்கிறோம். மூன்று கட்டச் சொல் ஒன்று இரண்டு சமூகத்துக் கல்யாண வீடுகளுக்குள் அழைத்துப் போய்விட்டது! இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் பெரியப்பாவுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசினேன்.

இன்னொரு விடை: கொப்பரை; ராஜேந்திர சோழன் வென்ற ஊரும் இதுவே. நான்கு கட்டம். கடாரம். கடாரம் என்ற சொல்லுக்குப் பெரிய கொப்பரை என்றும் ஒரு பொருள் உண்டு. ஊர் என்றால் அது இன்றைய கெடா என்பதே வரலாற்று ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. 1025இல் சோழர் கடற்படை வந்தது. வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஜார்ஜ்டவுன் கரையில் நின்று வடக்கே பாருங்கள், 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை தெரியும். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்கள் கிடைத்தன. பாக்குக்கும் கடாரத்துக்கும் உறவும் உண்டு. 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கும் வரை இந்தப் பாக்குத் தீவு கெடா சுல்தானுடையது.

ஆங்கிலக் கட்டம் போடுகிறவர்களுக்கும் இங்கே விருந்து இருக்கிறது. மிளகுத்தண்ணீரை ஆங்கிலேயர்கள் ‘மல்லிகடானி’ ஆக்கினார்கள். தமிழில் எட்டு கட்டம், ஆங்கிலத்தில் பன்னிரண்டு. கட்டுமரம் ஆறு கட்டம், ‘கேட்டமரான்’ ஒன்பது. சுருட்டு நாலு கட்டம், ‘செரூட்’ ஏழு. அதே சுருட்டு மலாயில் ‘செருத்து’. ஆங்கிலக் கட்டத்தில் நம் வீட்டுச் சொல் ஒன்று வேஷம் போட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடிக்கும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, கூட்டத்துக்குள் சொந்தக்காரரைப் பார்த்தது போல!

உங்கள் வீட்டில் தினமும் கட்டம் போடும் பெரியவர் இருந்தால் இந்த வீடியோவை அவருக்கு அனுப்புங்கள். அவர் கையாளும் உத்தி என்ன என்று கேட்டுக் கமெண்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன், நல்ல உத்திகளை அடுத்த வீடியோவில் போட்டுப் பார்ப்போம்.

(திரையில்: நான்கு கட்டங்கள். இரண்டாவதில் ‘ப்’.)

அப்புறம், இது உங்களுக்கான கட்டம். இந்தச் சொல்லைத் தமிழிடம் இருந்து மலாய் மொழி வாங்கிக்கொண்டது. பிறகு அதையே வானத்திலும் பறக்கவிட்டது. நான்கு எழுத்து, இரண்டாவது எழுத்து ‘ப்’. மூன்றாவது எந்த வரிசை என்று நான் சொல்லவே வேண்டாம்.