பதினைந்தா, ஐம்பதா?

நேயர்களுக்கு வணக்கம். சீசன் வந்துவிட்டால் ஊட்டி சேரிங்கிராஸிலும் குன்னூர் சிம்ஸ் பார்க் வாசலிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு ஆங்கில உச்சரிப்பில் ஒரு குழப்பம் வரும். லண்டன்காரர் ‘ஷெட்யூல்’ என்கிறார், அமெரிக்கர் ‘ஸ்கெட்ஜூல்’ என்கிறார். எது சரி? ரெண்டும் சரிதான். ‘ரூட்’, ‘ரவுட்’டும் அப்படித்தான். நம் ‘வைட்டமின்’ அமெரிக்கப் பேச்சு, பிரிட்டனில் ‘விட்டமின்’. வெலிங்டன் ராணுவக்காரர்கள் சொல்லும் ‘லெஃப்டினன்ட்’ பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்காவில் அது ‘லூட்டெனன்ட்’. இதற்காக யாரும் நாக்கை மாற்றிக்கொள்ள வேண்டாம். கேட்டால் புரிந்தால் போதும்.

மூலிகை விற்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அமெரிக்கர் ‘எர்ப்’ என்று கேட்டால் ‘ஹெர்ப்’பைத்தான் கேட்கிறார். அவர் எழுத்தை விழுங்கவில்லை. பிரெஞ்சு வழியாக வந்த சொல் அது. முன்பு இங்கிலாந்திலும் ‘ஹ’ ஒலிக்காமல்தான் சொன்னார்கள். எழுத்தைப் பார்த்து அங்கே ‘ஹ’ ஒட்டிக்கொண்டது 19ஆம் நூற்றாண்டில். ரோஸ்மேரிக்குப் பக்கத்தில் ‘தைம்’ என்று எழுதி வைக்கிறோமே, அதை இரு நாட்டாருமே ‘டைம்’ என்றுதான் சொல்வார்கள். மணி கேட்கிறார் என்று கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்!

காசு கைமாறும் இடத்தில்தான் கவனம் வேண்டும். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. பதினைந்தும் ஐம்பதும். நம் பேச்சுத் தமிழில் ‘வந்தான்’ என்பதன் கடைசி ‘ன்’ மூக்கோடு கரைந்துவிடுகிறது. அதே பழக்கத்தில் ‘ஃபிஃப்டீன்’ என்பதிலும் ‘ன்’ கரைந்தால், கேட்பவர் காதில் ‘ஃபிஃப்டி’தான் விழும். அதனால் ‘டீ’யை நீட்டுங்கள், ‘ன்’ வரும்போது நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் அழுந்தி நிற்கட்டும். ஐம்பதுக்கு அழுத்தம் முதல் அசையில். ‘டி’ குறுகி முடிய வேண்டும். அழுத்தத்தை மட்டும் நம்பவும் முடியாது. பின்னால் ‘ருபீஸ்’ வந்தால் ஆங்கிலேயரே ஃபிஃப்டீனின் அழுத்தத்தை முன்னால் தள்ளிவிடுவார்கள். ஆகவே விலை சொன்ன கையோடு ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஸீரோ’ என்று இலக்கம் பிரித்தும் சொல்லிவிடுங்கள். கால்குலேட்டரில் அடித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

அமெரிக்கர் பேசும்போது இன்னொரு அடையாளம் உண்டு. தேர்ட்டி, ஃபார்ட்டி, எய்ட்டி ஆகிய மூன்றிலும் அவர் ‘ட்’டை மெலிதாக்கி, கிட்டத்தட்ட ‘ட’ போலத் தட்டிவிட்டுப் போவார், ‘வாட்டர்’ ‘வாடர்’ ஆவதுபோல. தேர்ட்டீனில் ‘ட்’ காற்றோடு பலமாக வரும். ஃபிஃப்டி, சிக்ஸ்டியில் இந்த மெலிவு கிடையாது. அங்கே கடைசி ‘ன்’தான் துணை.

வண்டி ஓட்டுபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கேத்தி ‘வேலி வியூ’ காட்சிமுனைக்கும் ‘வெலிங்டன்’னுக்கும் நாம் ஒரே ‘வ’வைப் போடுகிறோம். ஆங்கிலத்தில் அவை வேறு வேறு. பிரிட்டன், அமெரிக்கா பேதமும் இதில் இல்லை. ‘வேலி’ என்று சொல்ல மேல்பல் கீழுதட்டைத் தொட்டு அதிர வேண்டும். வெலிங்டனுக்கு ‘உ’ சொல்வதுபோல உதட்டைக் குவித்து விடவேண்டும், பல் படக்கூடாது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள்: முதலாவதற்குப் பல் தெரியும், இரண்டாவது தொடங்கும்போது தெரியாது. வணக்கம்.